பால் காய்ச்சிய அன்று நீங்கள் பேசியது

அக்கா,

ஏலக்காய்க் கடையில் காய் பிரித்துவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாசம் போகவில்லை. இந்த வேலையை வாங்கித் தந்தவர் நீங்கள். அதனாலோ என்னவோ இன்றைக்கு உங்கள் நினைப்பு விடாமல் பிடுங்குகிறது. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் வாசலுக்குப் போகிறேன். நாளைக் காலையில் ஒரு பெண்ணைச் சின்னமனூரில் குடிவைக்க வேண்டும். அவளுக்கும் நம் வியாதிதான். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நீங்களே போயிருப்பீர்கள்.

உத்தமபாளையத்தில் என்னைக் குடிவைத்தீர்களே, அந்த நாள்தான் கண்ணில் நிற்கிறது. என் புருஷன் செத்து, எனக்கும் எச்ஐவி என்று தெரிந்து, மாமியார் என் தட்டைத் தனியாக வைத்த பிறகு நான் வெளியே வந்தேன். முதலில் பிடித்த வீட்டில் விஷயம் கசிந்து, சாமானைத் தெருவில் வைத்தார்கள். அடுத்தது நீங்கள் பார்த்த வீடு. பால் பொங்கியதும் வீட்டுக்கார அம்மாவுக்கு முதல் டம்ளரைக் கொடுத்தேன். அவர் வாயருகே கொண்டுபோகையில் நீங்கள் குறுக்கே பேசினீர்கள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இவளுக்கு எச்ஐவி இருக்கு. எனக்கும் இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்க."

எனக்கு உங்களை அறையலாம் போல இருந்தது. அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீங்களோ சாமானைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தீர்கள்.

"வாசல்ல வச்சுச் சொன்னா கதவைச் சாத்திருவாக. பால் பொங்குன அடுப்ப அவிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, பாரு" என்றீர்கள்.

வெகுநேரம் கழித்து அவர் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டாது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சேத்தா. திரும்பச் சுட வச்சுத் தா."

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாளைக்குக் குடிபோகிற அந்தப் பெண் இன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிராதீக அக்கா" என்று அழுதாள். சொல்லாமல் குடியேறினால், என் முதல் வீட்டில் நடந்தது என்றைக்காவது அவளுக்கும் நடக்கும். சொன்னால் நாளைக்கே நடக்கலாம். பாலைச் சுட வைக்கச் சொல்கிற அம்மா எல்லா வீட்டிலுமா இருப்பார்?

நீங்கள் பேசியது முழுவதும் எனக்கு மனப்பாடம். நாளைக்கு அடுப்புப் பக்கத்தில்தான் நிற்பேன். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினால்தான் வாயைத் திறப்பேன்.