தோல்வார் தைத்த நாட்கள்

ஜன. 19, திங்கள்

காலையில் பனி. பால் பாக்கெட் கையில் சில்லென்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் கூட்டம் இன்னும் ஓயவில்லையாம்.

பிசியோதெரபி செய்யவரும் பெண் ரேவதி போன மாதம் கேட்டாள். "மேடம், உங்க கைக்கு ஏதாவது ஆச்சுன்னா சாரை யார் எழுப்பி உக்கார வைப்பாங்க?" சிரித்து மழுப்பினேன். காபி கொடுத்து அனுப்பினேன். இன்று பதில் தேட வேண்டியதாகிவிட்டது.

இவருக்குப் பக்கவாதம் வந்தபின் வலது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி மாட்டித்தான் நடை. அதன் தோல்வார் பக்கிள் அருகே தையல் விட்டுப் பிரிந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் செருப்புத் தைப்பவர் பொங்கலுக்குப் போனவர் வரவில்லை. வரும் ஞாயிறு மாலை பெருங்களத்தூரில் இவர் அண்ணன் மகள் கல்யாண ரிசப்ஷன். "நடந்து... வரேன். தூக்க... வேணாம்." காலையிலிருந்து இதே பேச்சு. வார்த்தை ஒவ்வொன்றும் இவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

குத்தூசி, மெழுகு நூல் வாங்கி வந்து நானே உட்கார்ந்தேன். வார் மடியில். இடது சுட்டுவிரல் அடியில். ரவிக்கைக்கு ஹூக் வைத்த பழக்கம், ஊசி முனை வந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. துணிக்கு அது சரி. தோல் அப்படியல்ல. விடாது, விடாது, பிறகு ஒரேயடியாக விடும். விரலின் அடிச்சதையில் இறங்கிவிட்டது.

ஆணியின் முனை ஏன் கூர்மை? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் நான் கேட்ட கேள்வி. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும்.

டி.டி. ஊசி. கட்டு. டாக்டர் மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "விரலை மடக்கற டெண்டன் தப்பிச்சுது மேடம். ஆனா ஒரு வாரம் இந்தக் கையால வெயிட் தூக்கக் கூடாது."

என் வீட்டில் வெயிட் என்றால் இவர்தான்.

ஜன. 20, செவ்வாய்

எதிர் ஃபிளாட் வசந்தா விஷயம் கேட்டுக் கணவரை அனுப்பினாள். குமார். திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வேலை. ஷிப்டுக்கு முன்னால் வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், தோலத் தெய்க்கச் சொன்னா கையத் தெச்சிக்கினீங்களா?"

இவருக்கு வெட்கம். குளியலறை வாசலில் நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்கிறார்.

"சார், நான் டெய்லி கேட்டு தூக்கறவன். கேட்டு இன்னிக்கி வரைக்கும் என்னாண்ட வெக்கப்பட்டதில்ல. வாங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம். பிறகு இவர் சிரிக்கும் சத்தம். வெளியே துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

வாங்க வேண்டியவை: தேங்காய், பிளாஸ்டர், இவர் மாத்திரை.

ஜன. 22, வியாழன்

நல்ல வெயில். கட்டு பிரித்துப் பார்த்தோம். சீழ் இல்லை. நன்றி, நன்றி.

யோசித்ததில் ஒன்று தெளிவு. மடியில் வைத்ததுதான் முதல் கோளாறு. தோலைப் பிடிக்கக் கை தேவைப்படுகிறவரை கை ஆபத்தில்தான் இருக்கும். ரொட்டியைக் கையில் வைத்து வெட்டுவதற்கும் பலகையில் வைத்து வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

குமாரிடம் ஒரு கிளாம்ப் கேட்டேன். கொண்டுவந்தார். வாரைப் பலகைமேல் வைத்துக் கிளாம்பால் மேஜையோடு இறுக்கி, ஆணி வைத்துச் சுத்தியால் முதலில் எல்லாத் துளைகளையும் போட்டாயிற்று. ஆணியைக் குறடால் பிடித்தார் குமார். அடித்தது நான். இனிக் குத்தூசிக்கு வேலை இல்லை. துளை தயார் என்பதால் முனை மழுங்கிய ஊசியே போதும்.

"மீதிய நான் தெச்சித் தரவா?" என்றார் குமார். இவர் தலையாட்டினார், வேண்டாம் என்று. தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

ஜன. 23, வெள்ளி

வார் மேஜை விளிம்பில் செங்குத்தாக, கிளாம்பில். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் நான். நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. இவருக்கு இடது கை நல்ல கை. எனக்கு வலது. ஒரே துளையில் நான் இந்தப் பக்கமிருந்து, பிறகு இவர் அந்தப் பக்கமிருந்து.

முதல் தையலிலேயே பயந்தேன். என் ஊசி வெளியே வரும் இடத்தில் சரியாக இவர் விரல், வாங்கிக்கொள்ளத் தயாராக. முனை மழுங்கியதுதான், ஆனாலும் எனக்குக் குத்திய அதே மாதிரி. இருக்கும் ஒரு நல்ல கையும் போயிருந்தால்?

"என்னங்க, கையை மேஜைமேல வைங்க. நான் விட்டேன்னு சொன்னப்புறம் ஊசியை எடுங்க."

"விட்டேன்."

"ம்."

இவர் முறை. "வி...ட்டேன்."

"ம்."

நூலை விரலில் சுற்றி இழுக்காமல் பென்சிலில் சுற்றி இழுத்தோம். இல்லாவிட்டால் மெழுகு நூல் சதையை அறுக்கும். சாயங்காலம் வந்த ரேவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். "மேடம், சார் தெளிவா சொல்றாரு. எத்தனை தடவை சொன்னாரு?" எண்ணவில்லை. கடைசித் தையல்களில் திக்கல் குறைந்திருந்தது உண்மை.

ஜன. 25, ஞாயிறு

மண்டபம். மேடைக்கு மூன்று படி. கல்யாணப் பெண் இறங்கி வந்து கைபிடிக்கப் பார்த்தாள். "நில்லும்மா" என்றார். இடது கையில் தடி. குமார் பின்னால், தொடாமல். நான் கீழே நின்று வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் தோல் இழுபட்டது. தையல் நின்றது.

மேலே போய்விட்டார்.

அண்ணன் குனிந்து காலைப் பார்த்து, "புதுசா வாங்கினியாடா? யார் தெச்சது?"

"நான்." மூச்சு வாங்கினார். பிறகு தடியை என் பக்கம் நீட்டி, "பாதி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வத்தக்குழம்பு சுமார், பாயசம் பிரமாதம்.

ஜன. 26, திங்கள்

வசந்தா தன் தோல் பையின் பிய்ந்த கைப்பிடியோடு வந்தாள். "அக்கா, நானே தெச்சிப் பாக்கறேன், எனக்கும் சொல்லிக் குடுங்க." கிளாம்பையும் ஊசிகளையும் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியது:

துளையில் ஊசியை வை. தள்ளாதே. மறு கையை எடுத்து மேஜைமேல் வை. இப்போது தள்ளு.