இன்னும் கொஞ்சம் ஏத்துங்க

அன்புத் தங்கச்சிக்கு அண்ணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமாக இருப்பது உன் அண்ணனுடைய வாய் மட்டும்தான். போனில் பேசலாமென்றால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வலது பாதம் தூக்க வராமல் தொங்குவது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் பிசியோதெரபிக்குப் போய்க் காலுக்குக் கரண்ட் வைத்துக்கொள்கிறோம். காலில் பேட் ஒட்டி, வயரை மாட்டி, குமிழை மெதுவாகத் திருகுவார்கள். சுருக்கென்று பட்டதும் சொல்லிவிட வேண்டும். அங்கே இருக்கிற பெண் கேட்பது "தெரியுதா?" என்று. உன் அண்ணன் காதில் அது "தாங்குதா?" என்று விழுகிறது. ஆம்பிளை இல்லையா! "இதெல்லாம் ஒரு கரண்டா? இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்பார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். தோளில் லேசாகப் பட்டாலே "போதும்மா, போதும்மா" என்பார். அவரைப் பார்த்து இவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, கோப்பை ஜெயித்த மாதிரி. பால்காரர், மாடி வீட்டுக்காரர் என்று ஒருத்தர் விடாமல் இந்தப் பெருமைதான். நீயும் "எங்க அண்ணன் உடம்பு இரும்பு" என்று அங்கிருந்தே தூபம் போடுகிறாய்.

செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைக் கேள். குமிழைத் திருகிக்கொண்டே அந்தப் பெண் "தெரியுதா?" என்றாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாங்குவேன், ஏத்துங்க" என்றார். செருப்பைத் தள்ளி வைக்கக் குனிந்தேன். வயர் மெஷினிலிருந்து கழன்று தரையில் கிடக்கிறது. இல்லாத கரண்டைத் தாங்குகிறாராம்! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. முதல் நாளே காலைத் தொட்டுச் சோதித்தவள்தான்; இவர் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தெரியுது தெரியுது என்று ஏமாற்றியிருக்கிறார். இந்தத் தடவை கண்ணைத் துணியால் மூடினாள். பாதத்தைப் பஞ்சால் தொட்டாள், பிறகு ஊசி முனையால் குத்தினாள். உன் அண்ணன் பாட்டுக்கு, "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் நானும் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அதற்கேற்ற வைத்தியம் உண்டு, உணர்ச்சி திரும்பி வரலாம் என்கிறாள் அவள். இவரோ, யாரிடமும் மூச்சு விடாதே, திங்கட்கிழமை லாரி எடுக்கிறேன், முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது என்கிறார். பிரேக்கில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இந்த லட்சணத்தில் லாரி! எதிரே வருகிறவனும் இரும்பா?

நான் சொன்னால் பொம்பளை பயம் என்று தள்ளிவிடுகிறார். நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளம்பி வா. வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்து, "அண்ணா, கால் தெரியுதா?" என்று மட்டும் கேள்.

அண்ணனுக்கு வலியே வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறாயாமே. அதை இன்றோடு நிறுத்து. அவருக்கு நன்றாக வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

அதையே வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அண்ணி