கூத்தனை அழிக்க வேண்டா

மழை காலம் தவறாது பெய்க. மதகு முறை தவறாது திறக்க. மின்சாரம் இடையறாது வருக.

ஏழ்மதகு நாடாளும் கோமான், பகைவர் பகலுறக்கம் கெடுத்த பெருமான், கரிகண்டதேவர் திருவுளப்படி, பேரமைச்சர் சேந்தன் மாறன், கருங்கோட்டைச் சிறைத்தலைவர் ஐயாறனுக்கு, உம் கோட்டை இறுகவும் மூட்டுவலி தளரவும் வாழ்த்தி விடுக்கும் ஓலை.

உம் சிறையிலிருக்கும் வண்டியோட்டி கூத்தன் குற்றமற்றவன். நடந்தது இது.

எவ்வூருக்கு எப்போது நீர் என்பதை நெஞ்சில் தாங்கிய அரண்மனைச் சர்வர் அடிக்கடி மயங்கி விழுந்ததையும், விழுந்தபோதெல்லாம் மேலூராரும் கீழூராரும் ஒரே மதகில் கூடி ஒருவர் தாயை ஒருவர் விசாரித்ததையும் நீர் அறிவீர். கணினிக்காவல் பூண்ட காடன் நங்கை ஆராய்ந்து, சேமிப்பு அடாப்டரின் டிரைவர் பழுது, பழையதை அடியோடு அழித்துப் புதியதை ஏற்றுக என விண்ணப்பித்தார். அயற்சொல் அரண்மனை புகலாகாது என்பது மரபாகையால், விண்ணப்பம் தூய்மொழி மன்றத்துக்குச் சென்றது. மன்றத்தார் சேமிப்பு அடாப்டரைச் சேமிப்புக் கிடங்கும், டிரைவரை ஓட்டுநரும் ஆக்கினர். ஓட்டுநர் உயர்திணையாயிற்றே, ‘பழையதை’ என்பது இலக்கணப் பிழையன்றோ என்று, ‘பழையவனை’ எனவும் திருத்தினர்.

சேமிப்புக் கிடங்குக்கு நெல்லேற்றும் பழைய ஓட்டுநன் நாட்டில் கூத்தன் ஒருவனே. பிடித்துவந்தனர். சர்வர் விழுந்தது எவ்வாறு என அவை வினவ, தன் வண்டியில் ஏற்றியிருந்தால் கயிறு போட்டுக் கட்டியிருப்பேன், விழுந்திராது என அவன் பணிந்துரைத்தான். அவை அதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டது. அழிக்க ஆணை பிறந்தபோதும் அவன் தன் கழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்டிலன். மாட்டுக்குத் தவிடு யார் வைப்பார் என்று மட்டும் கேட்டான்.

புதிய ஓட்டுநன் வண்டியேறினான். மாடுகள் அவனை வாய்க்காலில் தள்ளின. சர்வரும் மறுபடி விழுந்தது.

பிறகே நங்கை அவைக்கு வந்து, டிரைவர் ஆளன்று, இயந்திரத்துக்கும் சேமிப்புத் தட்டுக்கும் இடையே சேதி சொல்லும் சிறு நிரல் என்றார். எழுது எழுதென்று பல ஆணைகள் ஒருங்கே வந்தால் அது மறுமொழி மறந்து நிற்கும், சர்வர் காத்திருந்து காத்திருந்து சாயும் என விளக்கினார். அவையில் யாருக்கும் விளங்கவில்லை, அனைவரும் தலையசைத்தனர். அவர் நிரலை மாற்றிய பின் சர்வர் விழவில்லை. மதகில் கூச்சலில்லை. மன்னர் உண்டபின் நிம்மதியாய்க் கண்ணயர்கிறார்.

கூத்தனை அழிக்கும் ஆணையோ முன்னரே உம்மிடம் வந்துவிட்டது. பேரமைச்சர் இதற்குப் பதறினாரில்லை. வந்த ஆணையை வந்த திங்களில் நிறைவேற்றும் வழக்கம் உம் கோட்டையில் இல்லையென்பது நாடறிந்தது. இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அரசு அதற்கு நன்றி பாராட்டுகிறது.

ஆகவே கூத்தனை விலங்கு நீக்கி, வயிறாரச் சோறிட்டு, மாடுகளிடம் சேர்ப்பிக்க. இவ்வோலை மன்றத்தார் கண்ணில் படாது நேரே வருகிறது. நீரும் எவரிடமும் திருத்தக் கொடாதீர்.

மதகு முத்திரை பொறித்தோம். ஐயாறரே, முன் ஆணையைக் கையாண்டது போல இதைக் கையாளாதீர்.