தாசில்தார் உறங்கிய வாரம்

1933 ஜூன் 12, திங்கள். தக்கலை.

இவர் வேலை பார்க்கும் தாலுகா கச்சேரியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். குடை கையில்தான் இருந்தது. மடக்கிய குடையை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். குடை முனகியது. பிரித்துப் பார்த்தால் செவலை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. கோட்டைச் சுவரோரம் ஓடையில் கிடந்ததாம்.

“பகலெல்லாம் நீ தனியால்லா இருக்க,” என்றார்.

கல்யாணமாகி ஐந்து வாரத்தில் இவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுதான். நாகர்கோவிலில் நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் பாடம் நடத்தியவள் நான். இங்கே வந்தபின் என் காதுக்கு மழைச் சத்தம் மட்டும்தான். குட்டியைத் துடைத்துப் பால் கொடுத்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.

ஜெபசீலன். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம் அல்லவா? ஜெபசீலன், ஜெபசீலன்.

ஜூன் 13

குட்டி விடிய விடிய அழுதது. அடுப்படியில் சாக்கு விரித்து, என் பழைய சேலையையும் போட்டிருந்தேன். அதற்கு அது போதவில்லை. மூன்று தடவை எழுந்து போனேன். மூன்று தடவையும் இவர் எனக்கு முன்பே அடுப்படி வாசலில் நின்றார். நின்றாரே தவிர உள்ளே போகவில்லை. ஏன்?

காலையில் வீட்டுச் சொந்தக்காரி தாணம்மாள் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் குடியிருக்கிறார். “எனக்க மக பெத்து பதினோரு நாளாவுது பிள்ளே. இந்தப் பட்டிக்குட்டி கரஞ்சா பச்சப்பிள்ள எப்பிடி ஒறங்கும்? ஞாயிறாழ்ச்சைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லைன்னா அத எங்கயாவது கொண்டு விடு.”

அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? அதுதான் கஷ்டம்.

ஜூன் 14

நேற்று ராத்திரி இவருக்கு ஒரு யோசனை வந்தது. டைம்பீஸைத் துணியில் சுற்றிச் சாக்குக்கு அடியில் வைத்தால், தாயின் நெஞ்சு துடிக்கிறது என்று குட்டி நினைத்துக்கொள்ளுமாம். நினைத்துக்கொண்டது. பத்து மணிக்கே உறங்கிவிட்டது. நாங்களும் உறங்கினோம்.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அதை நிறுத்தி வைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குட்டி அலறிக்கொண்டு அடுப்புச் சாம்பலுக்குள் பாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. நான் குட்டியைத் தூக்க, இவர் டைம்பீஸைத் தேடிச் சாக்கை உதற, சாம்பலில் வெளுத்த குட்டியையும் வெள்ளைத் தலையோடு என்னையும் பார்த்து இவர் சிரித்தார். ஐயோ, இவருக்குச் சிரிக்கத் தெரிகிறது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஜூன் 15

அடுப்படி இனி வேண்டாம் என்று சாக்கை என் பாய்க்குப் பக்கத்தில் போட்டேன். இவர் காலை மடக்கி பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலில் ஒரு தழும்பைக் காட்டினார். ஏழு வயதில் ஒரு நாய் கடித்ததாம். அன்றிலிருந்து எந்த நாயைக் கண்டாலும் பயமாம். குட்டியைக் கண்டாலும்.

“பின்னே ஏன் கொண்டு வந்தீங்க?”

“கல்யாணத்தன்னைக்கு வண்டியில ஏறும்போ உங்க வீட்டு நாயக் கெட்டிப்பிடிச்சு அழுதியே. உங்க அம்மையக் கெட்டிப்பிடிச்சுகூட அவ்வளவு அழல்ல. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.”

இவர் பார்த்திருக்கிறார். ஐந்து வாரம் அதை மனதில் வைத்துக்கொண்டு, பயந்து நடுங்கி, ஓடையில் இறங்கி — நான் என்ன எழுதுகிறேன். பேனா ஓடமாட்டேன் என்கிறது. விளக்கைப் பெரிதாக்கினேன், பிறகு சிறிதாக்கினேன்.

ஜூன் 16

கண்டுபிடித்துவிட்டோம். கச்சேரியிலிருந்து சரிபார்க்கக் கொண்டு வந்த நில எல்லைக் காகிதங்களை இவர் உரக்க வாசித்தார். வடக்கே தோடு, கிழக்கே புரையிடம், தெற்கே நடவழி. ஓடையைத் தோடு என்றும் வீட்டுமனையைப் புரையிடம் என்றும்தான் அதில் எழுதியிருக்கிறது. ஒரே ராகம், ஏற்றமில்லை, இறக்கமில்லை. மேற்கு எல்லை வருவதற்குள் குட்டி உறங்கிவிட்டது. நானும்தான். காலையில் காக்கை கரையும்வரை ஒரு முனகல் இல்லை.

வீட்டில் எல்லாரும் இதன் முன்னால் கைகட்டி நிற்பதால் தாசில்தார் என்று பேர் வைத்தேன். தெருவில் கூப்பிட்டுவிடாதே, வேலை போய்விடும் என்று இவர் கெஞ்சினார்.

ஜூன் 17

இடி. தாசில்தார் மறுபடி அழுதது. எல்லைகள் நாலையும் இரண்டு தரம் வாசித்தும் பலனில்லை. குழந்தையும் அழுதது. நானும் கொஞ்சம்.

ஜூன் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து திரும்பியபோது தாணம்மாள் எங்கள் படியில் காத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, பாவம், பேரப்பிள்ளையோடு விழித்தவர். குட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் போனார். இவர் யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“பச்சப்பிள்ள ஒறங்கணும், அது நியாயம். குட்டி போகணும்னா நாங்களும் கூடப் போறோம் அம்மா. ஒரு வாரம் தாங்க, வேற வீடு பாக்கேன்.”

சத்தம் போடாமல்தான் சொன்னார். தாணம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு பட்டிக்காகவா என்று மட்டும் கேட்டார். “ஆமா,” என்றார் இவர்.

அந்த ‘ஆமா’வை இன்று எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 22

வீடு கிடைத்துவிட்டது. பத்மநாபபுரம், கோட்டைக்குள். பாதி அளவுதான். பக்கத்தில் வீடே இல்லை. போதும்.

ஜூன் 24

மாட்டு வண்டியில் வந்து இறங்கினோம். ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்றுக்கு அண்டா, ஒன்றுக்குச் செம்பு. கிளம்பும்போது தாணம்மாள் ஒரு மட்டி வாழைக்குலையை வண்டியில் ஏற்றினார். கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளை வளர்ந்தபின் வந்து பார் என்றார். குழந்தையை என் கையில் தந்தார். பிஞ்சு விரல். மன்னிப்புக் கேட்டேன், அதற்குக் கொட்டாவிதான் வந்தது.

ஜூன் 25, ஞாயிறு

புது இடம், ராத்திரி முழுக்க அழும் என்று இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். தாசில்தார் சாக்கை முகர்ந்தது, மூன்று சுற்று சுற்றியது, படுத்தது. அவ்வளவுதான். விழித்துக் கிடந்தவர்கள் நாங்கள்தான். இவர் தன் ஊரைப் பற்றி, அப்பாவைப் பற்றி, ஆற்றில் போன ஒரு செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது மதியம் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். தாசில்தார் சாக்கிலிருந்து எழுந்து போய் இவருடைய முழங்கையில் தலையை வைத்துக்கொண்டது. இவர் கண் விழித்துப் பார்த்தார். கையை இழுப்பார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. மற்ற கையால் அதன் காதை மெதுவாகத் தடவிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டும் குறட்டை விடுகின்றன.

அண்டா நிரம்பப் போகிறது. ஓசைப்படாமல் எடுத்து ஊற்ற வேண்டும்.