லேபிளில் உன் முகம்

தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வரை தினம் ஒரு சிறு அட்டைக் கதவைத் திறந்து, உள்ளிருக்கும் பீரைக் குடித்து மதிப்பெண் போடும் பெட்டியை இந்த வருடமும் வாங்கினேன். நேற்றைய கதவுக்குப் பின்னால் உன் பீர். லேபிளில் நீ சிரிக்கிறாய். கீழே 'என் சொந்தச் செய்முறை' என்று போட்டிருக்கிறாய். அந்தப் புகையூட்டிய பார்லி மால்ட் கலவை என்னுடையது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் இப்போது இல்லாதது உனக்கு வசதி.

"எத்தன மார்க்?" என்றாள் உன் அண்ணி.

"முட்டை."

"முட்டை வாங்குன பீர எதுக்கு அடிவரைக்கும் உறிஞ்சுற?"

ஜெர்மனியிலேயே நம் ஃபிராங்கன் வட்டார ஊர்களில்தான் 'பரவாயில்லை' என்பதற்கு மேல் பாராட்டு கிடையாது. அப்பா அதை எனக்கு ஒருமுறையும் சொன்னதில்லை. நேற்று கடைசி மடக்கில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ அழைத்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரமாட்டேன். அங்கே எல்லோரும் அந்தப் பீரைக் குடித்துவிட்டு, அந்தச் சொல்லை உன்னிடம் சொல்வார்கள்.

உன் அண்ணன்