திரீக்கா என்றொரு கல்

அன்பு திரீக்கா,

சதர்லாந்து மலையில் நான் சுகம். உன் முழங்கால் எப்படி? பார், இந்த முறை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை; இது முழுக்க என் கையெழுத்து!

இந்த வானாய்வுக்கூடத்தில் வானத்தை ஆராய்பவர்களுக்கு நான் சமைத்துப் போடுகிறேனே, அவர்களில் ஒருத்தி, டாக்டர் நொம்சா, செவ்வாய்க்கு அப்பால் சூரியனைச் சுற்றும் கற்கூட்டத்தின் உள்ளோரத்தில் சின்னக் கல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கண்டவர்தான் பெயர் சொல்ல வேண்டுமாம். காலைச் சாப்பாட்டில் எங்களைக் கேட்டாள்.

"திரீக்கான்னு வை," என்றேன்.

"யாரு பெரியவரே அது?"

"என் பொஞ்சாதி."

"இது சின்னக் கல்லு. கிட்டயும் வராது, விட்டுட்டும் போகாது."

"அப்ப அவங்களேதான்!" என்றான் பாத்திரம் கழுவும் பீட். எல்லோரும் சிரித்தோம்.

பெயர்க் குழு சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கும்.

பேத்திக்குப் பாட்டி பெயரை வைப்பதுதான் நம் வழக்கம். மருமகள் ஷான்டெல் உன் பெயரை விட்டுப் பிள்ளைக்கு மிஷெய்லா என்று வைத்ததிலிருந்து நீ அவள் வாசலை மிதிக்கவில்லை. இனி உன் பெயர் சூரியனையே சுற்றும். பிள்ளை மிஷெய்லாவாகவே இருக்கட்டும்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நீ சுட்ட ரஸ்க்கும் அனுப்பு. இங்கே காபியைத் தனியாகத்தான் குடிக்கிறேன்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. நம் தெருவில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் ஷான்டெல் மட்டும்தான். என் கையெழுத்து என்றால் நீ அவளிடமாவது போவாய் என்று தெரியும். இதோ, அவள் இதை உனக்குப் படித்து முடித்துவிட்டாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்.

உன் யாக்கோப்