பொம்மை ரயிலின் ட்ரான்ஸ்போமர்

1963 ஆகஸ்ட் 11, ஞாயிறு. ஹட்டன்.

பொம்மை ரயிலை ஓட்டும் ட்ரான்ஸ்போமர் இன்றோடு போய்விட்டது. சீமைக்கே திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரையின் சாமான் ஏலத்தில் எட்டு ரூபாய்க்கு எடுத்தேன். அன்று சீண்ட ஆளில்லை. அப்போது கடையில் புதிதே இருபது ரூபாய்தான். சீமைச் சாமான் வருவது நின்றதும், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் நூறு தருவதாக ஆளனுப்பினார். அதை வைத்து மனைவி செல்லம்மாளின் கண்ணைக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டுவதாக இருந்தேன்.

தோட்டத்துப் பங்களாவில் சின்னத்துரை, “ஓடுமா?” என்றார். டவுனில் என் கடையில் நன்றாக ஓடியதே என்று நானே சுவரில் செருகினேன். வழக்கமாகக் கேட்கும் ரீங்காரம் இல்லை. சூடேறிப் புகைந்து கருகியது. அங்கே வருவது தோட்டத்துப் பாக்டரி டைனமோவின் டி.சி. கரண்டு, டவுனின் ஏ.சி. கரண்டு அல்ல; டி.சி.யில் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகும். எனக்குத் தெரிந்ததுதான். நூறு ரூபாய் கண்ணை மறைத்துவிட்டது.

சின்னத்துரை சிரித்தார். “என்னோடதும் இப்படித்தான் போச்சு. இன்னொண்ணு கொண்டாங்க, எரநூறு தாறேன்.”

வீட்டுக்கு வந்ததும் செல்லம்மாள், “வித்துருச்சாங்க?” என்றாள்.

“வெல இன்னும் ஏறுமாம். பொறுத்து விப்போம்.”

“சரிங்க. இருட்டா இருக்கு, வெளக்க ஏத்துறேன்” என்று எழுந்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.